மேஜர், ரீஜனல், லெகசி: அமெரிக்க விமானங்கள் பற்றி நீங்கள் கேட்டவை

கேள்வி: மகள் அனுப்பிய டிக்கெட்டில் யுனைடெட் எக்ஸ்பிரஸ் என்று இருக்கிறது. அதன் கீழே, இயக்குவது ஸ்கைவெஸ்ட் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் போவது யாருடைய விமானத்தில்?

ஸ்கைவெஸ்ட் விமானத்தில்தான். யுனைடெட் எக்ஸ்பிரஸ் என்பது யுனைடெட் நிறுவனம் இதற்கு வைத்திருக்கும் பெயர் மட்டும். பைலட்டும் பணியாளர்களும் அவர்களுடைய ஆட்கள். வழித்தடம், நேரம், கட்டணம் எல்லாம் யுனைடெட் முடிவு செய்கிறது. ஓட்டிக்கொடுப்பதற்கு ஸ்கைவெஸ்ட்டுக்கு ஒப்பந்தப்படி பணம் போகிறது. சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானம் விடும்போது இந்த ஏற்பாட்டில் செலவு குறைவு. ஆனால் பெரிய நிறுவனங்களின் பைலட் சங்கங்கள் இதற்கு வரம்பு கட்டியிருக்கின்றன: 76 இருக்கைகளுக்கு மேல் உள்ள விமானத்தை இப்படி வெளியே கொடுக்க முடியாது.

கேள்வி: ஸ்கைவெஸ்ட்டை ஓரிடத்தில் ரீஜனல் என்கிறார்கள், இன்னோரிடத்தில் மேஜர் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. பெரிய நிறுவனத்துக்காகச் சின்ன விமானம் ஓட்டிக்கொடுக்கிற தொழிலைப் பார்த்தால் ரீஜனல். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையோ ஆண்டு வருமானத்தை மட்டும் பார்க்கிறது: 100 கோடி டாலரைத் தாண்டினால் மேஜர், 10 கோடி முதல் 100 கோடி வரை நேஷனல், அதற்கும் கீழே ரீஜனல். ஸ்கைவெஸ்ட் 100 கோடியை எப்போதோ தாண்டிவிட்டது.

கேள்வி: சவுத்வெஸ்ட் அவ்வளவு பெரிய நிறுவனம். அது ஏன் லெகசி இல்லை?

லெகசி என்பது அளவைச் சொல்லும் பெயர் இல்லை, வயதைச் சொல்வது. 1978 வரை மாநிலம் விட்டு மாநிலம் பறக்கும் வழித்தடத்தையும் கட்டணத்தையும் அரசு வாரியமே முடிவு செய்தது. அந்தக் காலத்திலேயே அப்படிப் பறந்தவைதான் லெகசி: அமெரிக்கன், டெல்டா, யுனைடெட், அலாஸ்கா. சவுத்வெஸ்ட் 1971-லேயே தொடங்கியது, ஆனால் அப்போது டெக்சாஸ் மாநிலத்துக்குள் மட்டும் பறந்தது. பான் ஆமும் டி.டபிள்யூ.ஏ.வும் லெகசிகள்தான், இரண்டும் இன்று இல்லை.

கேள்வி: ரீஜனல் என்றால் பாதுகாப்பு குறைவா?

இன்று பெரிய நிறுவனத்துக்கும் ரீஜனலுக்கும் ஒரே விதிகள். அந்த விதிகள் இறுகியதற்குக் கொடுத்த விலை பெரிது. 2009 பிப்ரவரி 12 இரவு நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகர் அருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயர், ஓட்டியது கோல்கன் ஏர் என்ற ரீஜனல். இறந்தவர்களின் குடும்பத்தினர் சட்டம் கேட்டு விடாமல் வாஷிங்டனுக்கு அலைந்தார்கள். 2010-ல் சட்டம் வந்தது. அதற்கு முன் 250 மணி நேரம் பறந்தவர் துணை பைலட் ஆகலாம். அப்புறம் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்றானது. இணையத்தில் டிக்கெட் தேடினால், விமானத்தை உண்மையில் இயக்குவது யார் என்று முதல் திரையிலேயே காட்ட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் வந்ததுதான்.