மை வாசம் பழகிவிட்டதா, தம்பி?

கேள்வி: வியாசர்பாடியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் எட்டு மாதமாக மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். பத்தடி சால்வென்ட் மெஷின் (கரைப்பான் கலந்த மையில் அச்சடிப்பது), தகர ஷெட், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். விடியற்காலையில் தலை பாரமாகி, குமட்டிக்கொண்டு வருகிறது. வீட்டுக்குப் போய்த் தூங்கினால் சரியாகிவிடுகிறது. ஓனர் அண்ணன் நல்லவர்தான். "ஆரம்பத்துல அப்படித்தான்டா, பழகிடும்" என்கிறார். வேலையை விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், சென்னை-39

பதில்: தம்பி, தலைவலி கடையில் வந்து வீட்டில் போய்விடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஷெட்டுக்குள் இருக்கிற காற்றைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

பழகிடும் என்பது மூக்கைப் பொறுத்தவரை உண்மை. ஒரே வாசத்தில் கிடந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும்; நெஞ்சுக்குள் போகிற அளவு மட்டும் குறையாது. ராயபுரம் பக்கம் ஒரு பிரஸ்ஸில் பதினொரு வருடம் உருளை துடைத்தவன் நான். எனக்கு ஒரு வாசமும் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "மொதல்ல போய்க் குளிச்சிட்டு வா" என்பார்.

இன்றைக்குப் போனதும் எக்ஸாஸ்ட் ஃபேன் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். அநேகமாகக் கூரையை ஒட்டி இருக்கும். பல சால்வென்ட் மைகளில் சேர்க்கிற சைக்ளோஹெக்ஸனோனின் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், தரையோடு தவழக்கூடியது. அச்சடித்த ஃப்ளெக்ஸ் ஹீட்டரில் காய்கிற பக்கம், முழங்கால் உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் வேண்டும். எதிர்ப்பக்கம் ஷட்டரை ஒரு முழமாவது தூக்கி வையுங்கள். ஏசி இருந்தாலும் அது அதே காற்றைத்தான் குளிரவைத்துத் திருப்பித் தரும்.

அந்த சைக்ளோஹெக்ஸனோன் சுமார் 44 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். மே மாத மத்தியானம் தகரத்துக்குக் கீழே என்ன சூடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மெஷினுக்குக் காட்டுகிற கற்பூரத்தை வாசலில் காட்டச் சொல்லுங்கள்; சாமி கோபித்துக்கொள்ளாது. மை துடைத்த துணியை மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள். மெஷினுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். ஃப்ளெக்ஸ் சுற்றும்போது கையில் சுள்ளென்று அடிக்கிற அந்தப் பொறியே தீப்பிடிக்கப் போதும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அவசரமாக வரும். ஃப்ளெக்ஸ் ஓரம் தூக்கும், மை தெளிக்கிற ஹெட் இடித்துவிடுமே என்று, ஹெட்டைச் சுமந்து இங்கும் அங்கும் போகிற கேரேஜ் ஓடும்போதே கையை விட்டு அழுத்துவீர்கள். இல்லையா? மூடியைத் திறந்தால் மெஷின் நிற்கும் என்பதால் சென்சாரில் ஒரு காந்தத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். அந்தக் காந்தத்தை இன்றே பிடுங்கி எறியுங்கள். ஓரம் தூக்கினால் மெஷினைத் தற்காலிகமாக நிறுத்தி, கேரேஜ் முழுதாக நின்ற பிறகு சரிசெய்யுங்கள். ஒரு பேனர் வீணானால் திரும்ப அடிக்கலாம். கழுத்தில் தொங்குகிற ஐடி கார்டு கயிறும் வேண்டாம்.

துணி மாஸ்க்கும் என்-95-ம் தூசியைத்தான் தடுக்கும். ஆவிக்குக் கார்பன் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். பழகிய மூக்கை நம்பி வாசம் வரும்வரை காத்திருக்காமல், நாள் கணக்கு வைத்து கார்ட்ரிட்ஜை மாற்றிவிடுங்கள். ஹெட் துடைக்கும்போது பியூட்டைல் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கையில் ஒட்டிய மையைச் சால்வென்ட்டிலேயே கழுவுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது தோல் வழியாகவும் உள்ளே போகும். தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்புப் போடுங்கள். பத்தடி ரோல் நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும், தனியாகத் தூக்காதீர்கள்.

வேலையை உடனே விட வேண்டாம். ஓனர் நல்லவர் என்கிறீர்களே, கீழே ஒரு ஃபேன் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதம் பாருங்கள். அதற்கும் மனம் வராதென்றால் வேறு கடை தேடுங்கள், அதில் தப்பே இல்லை.

ஆனால் டாக்டரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, இல்லையென்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. "தலைவலி" என்று மட்டும் சொன்னால் மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். மை கேனில் இருக்கிற லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை மணி நேரம் அந்த ஷெட்டுக்குள் இருக்கிறீர்கள், எந்த நேரத்தில் தலை கனக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.