யவனர் வழக்கும் நம் வழக்கும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பழைய கிரேக்க நாட்டில் ஆணும் ஆணும் காதலிப்பது சர்வசாதாரணம், யாரும் முகம் சுளிக்கவே மாட்டார்கள் என்று யூடியூபில் அடித்துச் சொல்கிறார்களே, நிஜமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: பாதி நிஜம். அந்தப் பாதியிலும் 'நாடு' என்ற சொல் பிழை. அன்று கிரேக்கம் என்று ஒரே நாடு கிடையாது. ஊருக்கு ஊர் அரசு, ஊருக்கு ஊர் வழக்கம். ஏதென்ஸ் தத்துவஞானி பிளேட்டோவின் 'சிம்போசியம்', விருந்தில் காதலைப் பற்றிப் பேசிக்கொள்ளும் நூல். அதில் பௌசானியாஸ் என்ற பாத்திரமே இதைச் சொல்கிறது. எலிஸிலும் பியோஷியாவிலும் ஒளிவுமறைவு இல்லை. பாரசீகர் கைக்குள் இருந்த அயோனியாவில் அது இழுக்கு. ஏதென்ஸில்தான் குழப்பம்: காதலிப்பவனை ஊரே மெச்சும், காதலிக்கப்படும் பையனுக்கோ அப்பன் காவலாள் போட்டு வைப்பான்.

ஏதென்ஸில் முறைப்படி நடந்த உறவில் மூத்தவன் 'எராஸ்டெஸ்', இளையவன் 'எரோமெனோஸ்'. மூத்தவன் முயலோ சேவலோ பரிசாக நீட்டும் காட்சி கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டு மட்பாண்டங்களில் திரும்பத் திரும்ப வரும். இளையவனுக்குத் தாடி முளைத்தால் அந்த உறவு முடிய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் கேலிதான். நாடகாசிரியர் அகதோனை, நகைச்சுவை நாடகம் எழுதிய அரிஸ்டோஃபனிஸ் தன் நாடகத்தில் பாத்திரமாக்கிக் கிண்டல் செய்தது கி.மு. 411இல். அந்த அகதோனும் மேலே சொன்ன பௌசானியாஸும் நிஜ மனிதர்கள், வளர்ந்த பிறகும் காதலர்களாகச் சேர்ந்தே இருந்தவர்கள்.

சட்டம் எங்கே கடித்தது என்று பார்த்தால் மனப்போக்கு இன்னும் தெளிவாகும். கி.மு. 346-345இல் திமார்க்கஸ் என்ற அரசியல்வாதி மீது எஸ்கினஸ் வழக்குத் தொடுத்தார். பேரவையில் எழுந்து பேச நான்கு வகை ஆட்களுக்குத் தடை இருந்தது: பெற்றோரை அடித்தவன் அல்லது சோறு போடாதவன், போருக்குப் போகாதவன் அல்லது கேடயத்தை எறிந்துவிட்டு ஓடியவன், உடலை விற்றவன், அப்பன் சொத்தை ஊதாரித்தனமாய்த் தீர்த்தவன். திமார்க்கஸ் மூன்றாவது வகை என்பது வழக்கின் மையம். சொத்தைத் தின்று தீர்த்ததையும் எஸ்கினஸ் சேர்த்துக்கொண்டார். தோற்ற திமார்க்கஸ் குடியுரிமையை இழந்தார். பரத்தமைத் தொழில் ஏதென்ஸில் குற்றமே அல்ல, அதற்கு வரி வசூலித்தார்கள். குடிமகன் ஒருவன் தன்னை விற்றுவிட்டு அவையிலும் வந்து வாய் திறப்பதுதான் குற்றம். உடலை விற்றவன் ஊரையும் விற்பான் என்பது வாதம்.

ஆக, அவர்கள் துருவியது வயதை, குடிமகனா அடிமையா என்பதை, காசு கைமாறியதா என்பதை, தன்னடக்கத்தை. 'ஹோமோசெக்ஷுவல்' என்று ஆளுக்கு முத்திரை குத்தும் சொல் அவர்களிடம் இல்லை. அது 1869இல் அச்சேறிய சொல். முன்பாதி கிரேக்கம், பின்பாதி லத்தீன்.

கேள்வி: பையன்களோடு உறவு என்றால் அது இன்று போக்சோ வழக்கு. பிறகு எந்த முகத்தோடு கிரேக்கத்தைப் பெருமையாகப் பேசுகிறார்கள்? (மாம்பலம் வாசகர்)

பதில்: சரியான கேள்வி. 18 வயதுக்குக் கீழ் யாராக இருந்தாலும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்தான். கிரேக்கத்தைப் பொற்காலமாகக் காட்டுபவர்கள் இதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் அதே கண்ணாடியை மறுபக்கமும் திருப்ப வேண்டும். செனஃபோன் எழுதிய இல்லற நூலில் வரும் ஏதென்ஸ் கணவன், மனைவி தன் வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்துகூட ஆகவில்லை என்கிறான். அதைக் காட்டி ஆண்–பெண் திருமணமே கேடு என்று எவரும் வாதிடுவதில்லை. வயதுவந்த இருவர் மனமொப்பி வாழ்வதை எதிர்க்க எரோமெனோஸைச் சாட்சிக்கு இழுப்பதும் அந்த ரகம்தான்.

கேள்வி: பிளேட்டோ ஆதரவா, எதிர்ப்பா? இரண்டு பக்கமும் அவரையே மேற்கோள் காட்டுகிறார்கள். (கல்லூரி மாணவி, தாம்பரம்)

பதில்: இரண்டுக்கும் இடமுண்டு, அதனால்தான் இந்த இழுபறி. 'சிம்போசியம்' ஆண்களுக்கு இடையிலான காதலை ஞானத்துக்கு ஏறும் படியாக்குகிறது. கடைசிக்கால நூலான 'சட்டங்கள்' அதையே இயற்கைக்கு மாறானது என்கிறது. இரண்டும் உரையாடல் வடிவம், பேசுவது பாத்திரங்கள்.

சரிபார்க்க ஒரு வழி. பிளேட்டோவின் வரிகளுக்கு 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்க எண்தான் உலகம் முழுக்கப் பொது. நல்ல மொழிபெயர்ப்புகளில் ஓரத்தில் இருக்கும். யாராவது மேற்கோள் அனுப்பினால் அந்த எண்ணைக் கேளுங்கள். தராவிட்டால் வாட்ஸ்அப் சரக்கு. 'சிம்போசியம்' 182 என்றால் பௌசானியாஸ். 189 முதல் 193 வரை, மனிதர்கள் முன்பு ஒட்டிப் பிறந்து பிறகு பிளக்கப்பட்டார்கள் என்ற அரிஸ்டோஃபனிஸின் கதை. 'சட்டங்கள்' 636, 836 என்றால் கண்டனப் பகுதி. அடுத்து மொழிபெயர்ப்பின் வயதைப் பாருங்கள். விக்டோரியா காலத்து ஆங்கில மொழிபெயர்ப்புகள் கூச்சத்தில் நெளியும். ஷெல்லி 1818இல் மொழிபெயர்த்த 'சிம்போசியம்', 1840இல் வெளிவந்தபோது கத்தரித்துத்தான் வந்தது.

ஒரு சொல்லுக்காக நீதிமன்றத்திலேயே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பாகுபாட்டிலிருந்து சட்டப் பாதுகாப்பு தரக்கூடாது என்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் தன் அரசியலமைப்பைத் திருத்தியது. அதை எதிர்த்து 1993இல் நடந்த வழக்கில் தத்துவப் பேராசிரியர் மார்த்தா நுஸ்பாம் ஒரு பக்கம், சட்டத் தத்துவ அறிஞர் ஜான் ஃபின்னிஸ் மறுபக்கம். 'சட்டங்கள்' 636இல் வரும் 'தோல்மேமா' என்பது 'துணிந்த செயல்' மட்டுமா, 'குற்றம்' வரை போகுமா, இதற்கு அகராதியின் எந்தப் பதிப்பைப் பார்ப்பது என்று வாதம் நீண்டது. 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மாநிலத் திருத்தத்தையே ரத்து செய்தது, பிளேட்டோவின் தயவு இல்லாமலேயே.

கேள்வி: காதலர்களை மட்டும் சேர்த்து ஒரு படை இருந்ததாமே? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: தீப்ஸ் நகரின் 'புனிதப் படை'. 300 பேர், அதாவது 150 இணைகள். கி.மு. 371இல் லியூக்ட்ராவில் ஸ்பார்ட்டாவைத் தோற்கடித்ததில் பெரும்பங்கு அதற்கு. கி.மு. 338இல் கைரோனியாவில் மாசிடோனிய மன்னன் இரண்டாம் ஃபிலிப்பிடம் அழிந்தது. அங்கே சிங்கச் சிலையடியில் 19ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது 254 எலும்புக்கூடுகள் வரிசையாகக் கிடைத்தன. படை இருந்தது உறுதி. இணைகள் பற்றிய விவரத்துக்கு நாம் பெரிதும் நம்புவது வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூடார்க்கை, அவரோ நானூறு ஆண்டுகளுக்கும் பிந்தியவர், அவரே 'சொல்கிறார்கள்' என்றுதான் எழுதுகிறார்.

கேள்வி: அக்கிலிஸ்–பட்ரோக்ளஸ் காதலர்கள் என்றால் நம் கோப்பெருஞ்சோழன்–பிசிராந்தையாரும் அப்படித்தானே? (திருவல்லிக்கேணி வாசகர்)

பதில்: அக்கிலிஸும் பட்ரோக்ளஸும் ஹோமரின் 'இலியட்' காவிய வீரர்கள். ஹோமர் எங்கும் அப்படிச் சொல்லவில்லை. பின்னால் வந்த எஸ்கிலஸ்தான் நாடகத்தில் அவர்களைக் காதலர்களாக்கினார். யார் மூத்தவர் என்பதில் அவர் கோட்டைவிட்டார் என்று 'சிம்போசியத்தில்' ஃபீட்ரஸ் குறைப்பட்டுக்கொள்வார். கிரேக்கர்களே முடிக்காத தகராறு அது. புறநானூற்றில் பிசிராந்தையார், நேரில் பார்த்தே இராத சோழன் வடக்கிருந்தபோது வந்து கூடவே உயிர்விட்டார். உயிர்நட்பு என்பதே அதன் பெருமை. அதற்கு மேல் ஏற்றுவதற்கும் பாட்டில் இடமில்லை, 'சீச்சீ' என்று பதறுவதற்கும் இல்லை.

கேள்வி: தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, நம் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவைக் கொண்டுவந்த வெள்ளைக்காரர்கள் கிரேக்கம் படித்தவர்கள்தானே? (வழக்கறிஞர், பாரிமுனை)

பதில்: நன்றாகவே படித்தவர்கள்! 1834இல் மதராஸில் வந்திறங்கிய மெக்காலே, இந்தியாவில் இருந்த காலம் முழுக்கக் கிரேக்க நூல்களில் மூழ்கிக் கிடந்தவர். அவர் தலைமையில் 1837இல் தயாரான தண்டனைச் சட்ட வரைவில் இந்தக் குற்றம் இருந்தது. இதைப் பற்றிப் பொதுவில் விவாதமே எழக்கூடாது என்ற குறிப்போடு. 1860இல் சட்டமானது. வயதுவந்தோர் மனமொப்பிய உறவை உச்ச நீதிமன்றம் அதிலிருந்து விடுவித்தது 2018 செப்டம்பர் 6. கிரீஸ் அந்தக் குற்றத்தை நீக்கியது 1951லேயே. அங்கே 2024 பிப்ரவரியில் தன்பாலினத் திருமணச் சட்டம் 176க்கு 76 என நிறைவேறியபோது ஆர்த்தடாக்ஸ் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. இத்தனைக்கும் இரு தரப்பும் 'எங்கள் முன்னோர்' என்று கைகாட்டுவது அதே ஏதென்ஸைத்தான்.

கேள்வி: என் மகன் தன்பாலீர்ப்புள்ளவன் என்கிறான், கிரேக்கக் கதையெல்லாம் சொல்கிறான். 'பத்து சிட்டிங்கில் மாற்றிவிடலாம்' என்று ஒரு ஆலோசகர் சொல்கிறார். போகலாமா? (பெயர் வேண்டாம், வேளச்சேரி)

பதில்: போக வேண்டாம் அம்மா. மாற்ற அங்கே நோய் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 'மாற்றும் சிகிச்சை'யைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7இல் தடுத்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்றது. எனவே மருத்துவராக இருந்தால் மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். சீட்டு, ரசீது, மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். உங்களுக்கே மனம் கனத்தால் நீங்கள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், மகனை இழுத்துப் போகாமல். கிரேக்கக் கதை அவனுக்குத் துணைக்கு ஒரு ஆள் தேடுவது, அவ்வளவுதான். அதில் தேதிப் பிழை இருந்தாலும் இப்போதைக்குத் திருத்தாதீர்கள்.

கேள்வி: லெஸ்போஸ் தீவுக்காரர்கள் 'லெஸ்பியன்' என்ற சொல்லுக்கு எதிராக வழக்குப் போட்டார்களா? (அடையாறு வாசகி)

பதில்: போட்டார்கள், மூன்று பேர், 2008இல். ஏதென்ஸ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்தச் சொல்லுக்குக் காரணமான, அத்தீவுப் பெண் கவிஞர் சாஃபோ கி.மு. 600ஐ ஒட்டி வாழ்ந்தவர். ஐயமில்லாமல் முழுதாகக் கிடைத்திருக்கும் அவர் பாட்டு ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் பாப்பிரஸ் துண்டுகளும், பிறர் எடுத்தாண்ட வரிகளும்.