பிஸ்கட் இல்லாவிட்டால் உட்கார மறுக்கிறான்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் இருப்பதால் ஓராண்டாகத் தெரபி சென்டருக்கு அழைத்துச் செல்கிறேன். அங்கே ஏ.பி.ஏ. (பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு) முறையில், சொன்னதைச் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்துக் கற்றுத் தருகிறார்கள். வீட்டில் பிஸ்கட் இல்லாவிட்டால் உட்காரவே மாட்டேன் என்கிறான். வற்புறுத்தினால் தன் கையையே கடித்துக்கொள்கிறான். "நாய்க்குட்டியைப் பழக்குவதுபோல் இருக்கிறது" என்று என் மாமியார் வருந்துகிறார். தொடர்வதா, நிறுத்துவதா?
‍— ஒரு வாசகி, கரூர்

பதில்: உங்கள் மாமியாரின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. இந்த முறையைப் பரவலாக அறியச் செய்தவர் அமெரிக்க உளவியலாளர் ஐவர் லோவாஸ். வாரத்திற்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் வழக்கமான பள்ளி வகுப்புகளில் தேறினார்கள் என்று 1987-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, எத்தனையோ பெற்றோருக்கு நம்பிக்கை தந்தது. ஆனால் அன்றைய பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடிப்பதும்கூட இடம்பெற்றிருந்தன. அடியை இன்று எந்த நல்ல பயிற்சியாளரும் ஏற்பதில்லை. என்றாலும், குழந்தை விரும்புகிறதா என்று பாராமல் கீழ்ப்படிதலை மட்டும் எதிர்பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பரிசு கொடுப்பது தவறன்று. கற்ற பாடத்திற்கும் கிடைக்கும் பரிசுக்கும் தொடர்பே இல்லாமல் போவதுதான் உங்கள் வீட்டுச் சிக்கல். சிவப்பு அட்டையைத் தொட்டால் பிஸ்கட் என்றால், சிவப்பைப் பற்றி அவனுக்கு என்ன அக்கறை பிறக்கும்? ராபர்ட் கேகல், லின் கேகல் தம்பதியர் கலிஃபோர்னியாவில் வளர்த்தெடுத்த முறையில், குழந்தை எதைக் கேட்கிறதோ அதுவே பரிசாகிறது. சரியாகச் சொல்லாவிட்டாலும் சொல்ல முயன்றதற்கே அது கிடைக்கும்.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். அவனுக்குப் பிடித்த முறுக்கை, மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது தெரியும் டப்பாவில் போட்டு அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அவன் டப்பாவை எடுத்து வந்து உங்கள் மடியில் வைப்பான். உடனே திறந்துவிடாமல், அவன் முகத்துக்கு நேரே குனிந்து, மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருங்கள். "தி" என்று ஓர் ஒலி வந்தாலும், உங்கள் விரலைப் பிடித்து மூடிமேல் வைத்தாலும், "திற" என்று ஒரு முறை சொல்லிக்கொண்டே அந்தக் கணமே திறந்துவிடுங்கள். ஒன்றும் வராவிட்டால் நீங்களே "திற" என்று சொல்லித் திறந்துவிடுங்கள். அழும்வரை காக்க வைக்கக் கூடாது. அரை நிமிடம் தாமதித்தால், அதற்குள் அவன் காதைச் சொறிந்திருப்பான். எதற்காகக் கிடைத்தது என்பது அவனுக்குப் புரியாமல் போகும்.

கையைக் கடிப்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். திடீரென்று தொடங்கியிருந்தால் முதலில் பல்வலி, காதுவலி உண்டா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், ஒரு வாரம், கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதி வாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், "எனக்குப் போதும்" என்பதைச் சொல்ல அவனிடம் வேறு வழி இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கார், டுராண்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் 1985-இல், பாடம் கடினமாகும்போது முரண்டு பிடித்த குழந்தைகளுக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். உதவி கிடைத்ததும் முரண்டு வெகுவாகக் குறைந்தது.

உங்கள் மகனுக்கு, உள்ளங்கை படம் வரைந்த "போதும்" அட்டை ஒன்றை மேசையில் ஒட்டி வையுங்கள். அவன் கடிக்கத் தொடங்குமுன், முகம் சுளிக்கும்போதே, அவன் கையை மெதுவாக அட்டைக்கு வழிநடத்தி, தொட்டவுடன் எழுந்து போக விடுங்கள். முதல் நாட்களில் நிமிடத்திற்கு ஒரு முறை தொடுவான். ஒவ்வொரு முறையும் மதியுங்கள். என்னிடம் படித்த ஒரு சிறுவன் முதல் நாள் பாடம் தொடங்குமுன்பே அட்டையைத் தொட்டுவிட்டு ஓடினான். அது உண்மையிலேயே வேலை செய்கிறது என்று நம்பிக்கை வந்தபின், தானே திரும்பி வந்து உட்கார்ந்தான். அதன்பிறகுதான் "இன்னும் ஒரு பாசிமணி கோத்துவிட்டுப் போதும்" என்று சிறிது சிறிதாக நீட்ட வேண்டும்.

சென்டரை மாற்றுவதற்கு முன், பயிற்சியின்போது உங்களை உள்ளே உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவன் கால்கள் உள்ளே ஓடுகின்றனவா, உங்கள் புடவைக்குப் பின்னால் ஒளிகின்றனவா என்றும் கவனியுங்கள். பார்க்க விடாத இடமும் அவன் நாள்தோறும் அஞ்சும் இடமும் வேண்டாம்.

கேள்வி: கண்ணைப் பார்த்துப் பேசினால்தான் ஸ்டிக்கர் என்று என் மகளுக்குப் பழக்கலாமா?
‍— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். கண்ணைப் பார்க்க வேண்டியிருந்தால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறுவதில்லை என்று ஆட்டிசமுள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். சன்னலைப் பார்த்தபடியே அவள் உங்களுக்குச் சரியான பதில் சொன்னால், அவள் கவனித்திருக்கிறாள். அந்தப் பதிலுக்கு மகிழ்ச்சியைக் காட்டுங்கள்.