சங்க வார இதழை யாரும் திறப்பதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில் நாற்பது உறுப்பினர்கள். வியாழக்கிழமை தோறும் கூட்டம். வரும் ஜூலை முதல் சங்கத்தின் வார இதழுக்கு என்னை ஆசிரியராகப் போட்டிருக்கிறார்கள். நான் ஜவுளிக்கடை வைத்திருப்பவன், எழுதிப் பழக்கமில்லை. இப்போது நான்கு பக்க இதழைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். இரண்டு பேர் கும்பிடு போடுவார்கள், அத்தோடு சரி. படிக்கிற மாதிரி கொண்டுவர என்ன செய்ய வேண்டும்?
- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கடைசியாக வந்த இதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மேலே ரோட்டரி சக்கரம், தலைவர் படம், செயலாளர் படம், கீழே தலைவரின் மடல். அடுத்த பக்கத்தில், போன வாரக் கூட்டத்தில் யார் இறைவணக்கம் பாடினார், யார் வரவேற்றார், யார் பொன்னாடை போர்த்தினார், யார் நன்றி சொன்னார் என்ற விவரம். கூட்டத்துக்கு வந்தவருக்கு இதெல்லாம் தெரியும். வராதவருக்கு இது தேவையில்லை. நாற்பது பேரில் இதைத் திறந்து பார்க்கக் காரணம் உள்ளவர் ஒருவர்கூட இல்லை. உறுப்பினர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

சங்க இதழின் முதல் வேலை அடுத்த கூட்டத்துக்கும் அடுத்த பணிக்கும் ஆளை வரவைப்பது. இரண்டாவது, சங்கம் கை வைத்த காரியம் என்ன ஆயிற்று என்று கடைசிவரை சொல்வது. மற்றதெல்லாம் இடமிருந்தால் போடலாம்.

முதல் வேலை முன்பைவிட இப்போது முக்கியம். ஒரு காலத்தில் வருகைச் சதவீதத்தை இதழில் அச்சிடுவார்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டவர் பக்கத்து ஊர்ச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போய் வருகையை ஈடுகட்டிக்கொள்வார், அதற்கு 'மேக்கப்' என்று பெயர். அதற்காகவே அந்தச் சங்கங்களின் கிழமையும் நேரமும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். 2016-ல் ரோட்டரி தன் விதிகளைத் தளர்த்தியது. மாதம் இரண்டு கூட்டமாவது நடத்த வேண்டும், மற்ற ஏற்பாடுகளைச் சங்கமே முடிவு செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. இனி கட்டாயத்துக்காக யாரும் வரமாட்டார்கள். வரவேண்டும் என்று தோன்றினால்தான் வருவார்கள்.

அதனால் இதழின் தொடக்கத்திலேயே வரப்போவது இருக்கட்டும். 'வரும் வியாழன் சிறப்பு விருந்தினர் உரை, அனைவரும் தவறாது வருக' என்று போட்டால் ஒருவரும் அசையமாட்டார்கள். பேச வருபவர் யார், எதைப் பற்றிப் பேசுவார், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று மூன்று வரி எழுதுங்கள். 'மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் வருகிறார். வீட்டு மாடியில் சூரிய மின்தகடு போட்டவர்களுக்குக் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று சொல்வார். உங்கள் கடைசி மின்கட்டண ரசீதைக் கொண்டுவந்தால் அதை வைத்தே விளக்குவார்.' ரசீதைக் கொண்டுவரச் சொல்லும் அந்தக் கடைசி வரி நாலு பேரையாவது கூடுதலாகக் கூட்டி வரும்.

ரத்ததான முகாம் என்றால் தேதி, இடத்தோடு யார் கொடுக்கலாம் என்பதையும் முந்தைய வாரமே போட்டுவிடுங்கள். வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு வரக்கூடாது. இது முன்கூட்டியே தெரிந்தால், ஆர்வமாக வந்துவிட்டு மேசையிலிருந்து திரும்பிப் போகிறவர்கள் குறைவார்கள். கடையில் வேலை செய்யும் பையன்களுக்கு இந்தச் செய்தியை அப்படியே அனுப்பவும் முடியும். உறுப்பினர் அடுத்தவருக்கு அனுப்பத் தகுந்ததாக ஒன்றாவது ஒவ்வொரு வாரமும் இருக்க வேண்டும்.

அடுத்தது, நடந்த பணியை எழுதும் விதம். இதில்தான் பெரும்பாலான சங்கங்கள் கோட்டை விடுகின்றன. கண் சிகிச்சை முகாமையே எடுத்துக்கொள்வோம், தமிழ்நாட்டில் அது நடத்தாத சங்கம் அநேகமாக இருக்காது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஊர் ஊராக முகாம் நடத்தி வளர்ந்ததில் ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்களுக்கும் பங்குண்டு. மருத்துவம் முழுக்க மருத்துவமனையின் பொறுப்பு. இடம் பிடிப்பது, கிராமங்களில் சொல்லி ஆள் சேர்ப்பது, வரிசையை ஒழுங்குபடுத்துவது எல்லாம் உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு. அதைச் செய்துவிட்டு நம் இதழில் என்ன எழுதுகிறோம்? 'மாபெரும் இலவச கண் சிகிச்சை முகாம் சிறப்பாக நடைபெற்றது. தலைவர் தலைமை தாங்கினார். செயலாளர் வரவேற்றார். திரளான பொதுமக்கள் பயனடைந்தனர்.' எத்தனை பேர் திரள்? என்ன பயன்?

இப்படி எழுதிப் பாருங்கள் (எண்கள் மாதிரிக்குத்தான்): 'ஞாயிறு முகாமுக்கு 212 பேர் வந்தார்கள். 38 பேருக்குக் கண்புரை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதில் 29 பேர் அன்று மாலையே மருத்துவமனைப் பேருந்தில் ஏறினார்கள். ஒன்பது பேர் ஏறவில்லை. நாலு பேருக்குச் சர்க்கரை அதிகம், மூன்று பேருக்குக் கூட வர ஆளில்லை, இரண்டு பேர் பயந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.'

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரண்டாவதைப் படிக்கிற உறுப்பினருக்கு உடனே ஒரு வேலை கண்ணில் படும். கூட வர ஆளில்லாத மூன்று பேருக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்ய முடியாதா? பயந்தவர்களிடம், போன முகாமில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அதே தெருக்காரர் ஒருவரைப் பேச வைக்க முடியாதா? வந்த எண்ணிக்கையைவிட, தேர்வானவர்களுக்கும் போனவர்களுக்கும் இடையில் விழுந்த எண்ணிக்கைதான் பெரிய செய்தி. அதை மறைக்காமல் எழுதுகிற சங்கம்தான் அடுத்த முகாமை இன்னும் நன்றாக நடத்தும்.

அத்தோடு விட்டுவிடாதீர்கள். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் சொட்டு மருந்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, சொன்ன நாளில் மறுபரிசோதனைக்கு வரவேண்டும். அந்தத் தேதியை டைரியில் குறித்துவைத்து, அந்த வார இதழில் '29 பேரில் 26 பேர் மறுபரிசோதனைக்கு வந்தார்கள், மீதி மூன்று பேரை வீட்டில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும்' என்று போடுங்கள். மரக்கன்று நட்டதற்கும் இதே கதைதான். நட்ட அன்று பத்துப் படம் போடுவார்கள். ஆறு மாதம் கழித்து எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது, யார் தண்ணீர் ஊற்றுகிறார் என்று எழுதிய இதழைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் எழுதுங்கள், சங்கத்தில் ஓர் அசைவு வரும்.

எழுதிப் பழக்கமில்லை என்கிறீர்கள். இதற்கு எழுத்துத் திறமை வேண்டாம், கேட்கத் தெரிந்தால் போதும். கடைக்காரருக்கு அது கைவந்த கலை. திட்டத் தலைவருக்கு அன்று இரவே போன் போட்டு, எத்தனை பேர் வந்தார்கள், எதிர்பார்க்காதது என்ன நடந்தது, இன்னும் என்ன பாக்கி என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொண்டு சின்னச் சின்ன வாக்கியமாகப் பிரித்தால் செய்தி தயார். மறுநாள் கேட்டால் எண்கள் 'சுமார்' ஆகிவிடும், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் 'ஏராளமானோர்' ஆகிவிடும்.

உங்கள் சங்கத்தில் நான்கு வழிச் சோதனையைச் சொல்லித்தான் கூட்டத்தைத் தொடங்குவீர்கள். சிகாகோவில் திவாலாகும் நிலையில் இருந்த ஓர் அலுமினியப் பாத்திர நிறுவனத்தை மீட்கப் போன ஹெர்பர்ட் டெய்லர், 1932-ல் தன் ஊழியர்களுக்காக எழுதியது அது. உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமானதா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மை தருமா? இதழை அனுப்புமுன் ஒவ்வொரு செய்தியையும் அந்த முதல் இரண்டு கேள்விகளில் வைத்துப் பாருங்கள். 'மாபெரும்', 'திரளான', 'வரலாறு காணாத' எல்லாம் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

இரண்டாவது கேள்வி படங்களுக்கு. கல்வி உதவித்தொகை வாங்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தி, பெரிய காசோலை அட்டையைக் கையில் கொடுத்து, சுற்றிலும் பன்னிரண்டு பேர் நின்று எடுத்த படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் படம் நாளை அந்தப் பிள்ளையின் வகுப்பு நண்பர்களின் போனில் இருக்கும். உதவி வாங்கியது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு அது எப்படிப் பள்ளிக்குப் போகும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் அந்தப் படத்தைப் போடக் கை வராது. நோயாளிகள், உதவி பெறுகிறவர்கள் இவர்களின் முகமும் பெயரும் வேண்டாம். குழந்தைகள் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் படமும் வேண்டாம். பதிலாக, பதிவு மேசையில் உட்கார்ந்து எழுதும் உங்கள் உறுப்பினரை எடுங்கள், பெரியவர் ஒருவரைக் கைப்பிடித்துப் படியேற்றும் இன்டராக்ட் (ரோட்டரியின் மாணவர் சங்கம்) மாணவியை, அந்த மாணவியின் வீட்டில் கேட்டுக்கொண்டு, பெரியவர் முகம் தெரியாத கோணத்தில் எடுங்கள். வேலை செய்கிறவரின் படம் அடுத்த முறை இன்னொருவரை வேலைக்கு இழுக்கும்.

பிறந்தநாள், திருமணநாள் பகுதியை எடுத்துவிடாதீர்கள். அதை மட்டும் பார்க்கிறவர்கள் நிறைய உண்டு, அதில் தவறு ஒன்றுமில்லை. நாளும் மாதமும் போதும், வருடம் வேண்டாம். இதழ் சங்கத்துக்கு வெளியேயும் போகும் என்பதால் கைபேசி எண்களையும் அதில் அடுக்க வேண்டாம்.

வடிவம் பற்றி: நான்கு பக்கப் பிடிஎஃப்பைப் போனில் படிக்க விரலால் விரித்து விரித்துப் பார்க்க வேண்டும். வாராவாரம் சாதாரண வாட்ஸ்அப் செய்தியாகப் பத்துப் பன்னிரண்டு வரி போதும். வரும் கூட்டம், வரும் பணி, போன பணியின் நிலவரம், பிறந்தநாள். அதோடு ஒரு படம். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் தொகுத்துப் பிடிஎஃப் போடலாம், விளம்பரம் கொடுத்தவர்களுக்கும் அதில் இடம் கொடுக்கலாம். அனுப்பும் நேரம் மாறக்கூடாது. வியாழன் கூட்டம் என்றால் திங்கள் காலை கடை திறக்குமுன் போய்ச் சேர்வது நல்லது, மூன்று நாளில் வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வரமுடியும்.

போனில் படிக்காத மூத்த உறுப்பினர்கள் நாலைந்து பேர் எந்தச் சங்கத்திலும் இருப்பார்கள். அவர்களுக்கு அச்செடுத்துக் கொடுங்கள். அதே அச்சில் ஒரு பிரதியைச் சங்கக் கோப்பில் போட்டுவையுங்கள். ரோட்டரியின் அகில உலகப் பத்திரிகையே 1911 ஜனவரியில், எழுதியதை எல்லோர் கைக்கும் கொண்டுசேர்க்கும் தேவையிலிருந்துதான் பிறந்தது. நிறுவனர் பால் ஹாரிஸின் நீண்ட கட்டுரையை எல்லாச் சங்கங்களுக்கும் கொண்டுசேர்க்க, அப்போதைய செயலாளர் செஸ்லி பெரி அதைத் தொடங்கினார். நம் ஊர்க் கோப்பின் மதிப்பு வேறு மாதிரி. ரோட்டரி பங்கெடுத்த போலியோ ஒழிப்பையே பாருங்கள். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்டது, 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் நோய் தாக்கிய ஒரு குழந்தை. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியா போலியோ இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது. இந்தத் தேதிகளை எங்கும் தேடி எடுக்கலாம். உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துச் சொட்டுமருந்து மையத்தில் காலையிலிருந்து நின்றவர்கள் யார், மருந்துப் பெட்டிக்கு ஐஸ் கொடுத்தது எந்தக் கடை என்பது மட்டும் பழைய சங்க இதழில் இருந்தால்தான் உண்டு. மூத்த உறுப்பினர்களிடம் பழைய இதழ்கள் கிடைத்தால் வாங்கி மாதம் ஒரு துணுக்கு போடுங்கள், விரும்பிப் படிப்பார்கள்.

கணக்கை விட்டுவிடாதீர்கள். ஒரு பணிக்கு என்ன செலவானது, அதில் சங்கம் போட்டது எவ்வளவு, நன்கொடை எவ்வளவு என்று இரண்டு வரி போதும்.

கடைசியாக, எல்லோரும் தயங்குகிற விஷயம். தலைவரையும் முன்னாள் தலைவர்களையும் முதல் பக்கத்திலிருந்து நகர்த்தினால் வருத்தப்படுவார்களே? வருத்தப்படுவார்கள்தான். அவர்களில் பலர் கைக்காசைப் போட்டு உழைத்தவர்கள், மரியாதை கட்டாயம் வேண்டும். 'கலந்துகொண்டோர்' என்று கீழே ஒரு கட்டம் போட்டு எல்லாப் பெயரையும் வரிசை தப்பாமல் கொடுத்துவிடுங்கள். ரோட்டரி மாவட்ட ஆளுநர் வருகை போன்ற நாட்களில் தாராளமாக ஒரு பக்கம் கொடுக்கலாம். தலைவர் மடலை மாதம் ஒன்றாக்கி, அந்த மாதம் அவருக்கு ஆள் தேவைப்படும் ஒரு பணியைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

இதை ஜூலையில் செய்துவிட்டுச் சொல்லாதீர்கள். ஜூன் மாதத்திலேயே, கடைசியாக நடந்த ஒரு முகாமை வைத்து மாதிரி இதழ் ஒன்று தயாரித்து, பொறுப்பேற்கப் போகும் தலைவரிடம் நேரில் போய்க் காட்டுங்கள். முதல் இதழ் எப்படியும் பதவியேற்பு விழா இதழாகத்தான் இருக்கும், அதை விழாவுக்கே கொடுத்துவிடலாம். இரண்டாவது வாரத்திலிருந்து புது ஏற்பாடு என்று அப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.