ஆங்கிள் அடங்கிவிட்டது, வோல்டேஜ் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: சேலத்தில் இ.இ.இ. இறுதியாண்டு படிக்கிறேன். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் உள்ளதுபோன்ற 210 மெகாவாட் ஜெனரேட்டருக்கு, ஃபீட்பேக் லீனியரைசேஷன் (நேர்கோட்டில் அடங்காத சமன்பாடுகளை அளவீடுகளைக் கொண்டு நேர்கோட்டு வடிவாக்கும்) முறையில் எக்ஸைட்டர் (ரோட்டாரின் காந்தச் சுருளுக்கு மின்சாரம் தரும் கருவி) கட்டுப்பாடு எழுதியிருக்கிறேன். ஃபால்ட் (ஷார்ட் சர்க்யூட்) ஆன லைன் ட்ரிப் ஆகித் துண்டானதும் ரோட்டார் ஆங்கிள் (கிரிட்டைவிட ரோட்டார் எவ்வளவு முன்னே நிற்கிறது என்ற கோணம்) பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. டெர்மினல் வோல்டேஜ் மட்டும் 1.2 பெர் யூனிட்டிலேயே (ரேட்டட் அளவைப்போல் 1.2 மடங்கு) நின்றுவிடுகிறது. தவறு எங்கே?

பதில்: "பழைய இடத்துக்கே" என்கிறீர்களே, அங்கேதான். லைன் போனபின் பழைய ஆங்கிள் சரியான ஆங்கிள் அல்ல.

கையாலேயே போட்டுப் பாருங்கள். டர்பைன் தருவது 0.8 பெர் யூனிட், கிரிட் வோல்டேஜ் 1.0. மெஷினின் டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் (திடீர் மாற்றத்தின்போது மெஷினுக்குள் மின்னோட்டத்துக்கு வரும் தடை) 0.3, வெளியே டிரான்ஸ்ஃபார்மரும் லைனும் சேர்ந்து 0.5. உள் வோல்டேஜ் 1.08, ஆங்கிள் சுமார் 36 டிகிரி என்றால் டெர்மினலில் 1.0 இருக்கும். லைன் ட்ரிப் ஆகி வெளி ரியாக்டன்ஸ் 0.7 ஆனதும், அதே 36 டிகிரியில் அதே 0.8-ஐ அனுப்ப உள் வோல்டேஜ் 1.35 வேண்டும். அப்போது டெர்மினலில் 1.2, 15.75 கேவி மெஷினில் அது 18.9 கேவி. ஆங்கிளை 47 டிகிரி வரை விட்டிருந்தால் உள் வோல்டேஜ் 1.1 போதும், டெர்மினலும் 1.0-க்கு வந்திருக்கும்.

அதனால் உங்கள் கட்டுப்பாட்டிலிருந்து ஆங்கிள் பிழையை (வேண்டிய அளவுக்கும் இருக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம்) எடுத்துவிட்டு டெர்மினல் வோல்டேஜ் பிழையை வையுங்கள். வேகப் பிழையும் மின் திறன் பிழையும் இருக்கட்டும். நிலையத்திலும் இந்த மூன்றையும் நேரடியாக அளக்க முடியும். வோல்டேஜ் பிழையைப் பெருக்கும் கெயினை ஒரேயடியாக ஏற்றினால் டேம்பிங் (ஆட்டத்தை அடக்கும் தன்மை) போய்விடும், ரோட்டார் ஆட்டம் திரும்பும். ஃபால்ட் முடிந்த முதல் ஓரிரு வினாடி வேகத்துக்கும் திறனுக்கும் எடை கொடுத்து, பிறகு வோல்டேஜுக்குப் படிப்படியாக மாற்றுங்கள். சட்டென மாற்றினால் எக்ஸைட்டர் தரும் ஃபீல்டு வோல்டேஜ் குதிக்கும்.

இன்னொன்று. இந்த முறையில் ஃபீல்டு வோல்டேஜைக் கணக்கிடும்போது க்யூ அச்சு மின்னோட்டத்தால் (ரோட்டார் காந்தப்புலத்துக்குச் செங்குத்தான அச்சில் வரும் மின்னோட்டப் பகுதி) வகுக்கிறோம். லோடு குறைந்து அது சுழியை நெருங்கினால் விடை எகிறும். எக்ஸைட்டருக்கு லிமிட் பிளாக் (அது தரக்கூடிய வோல்டேஜின் வரம்பு) போடாத சிமுலேஷனில் இது கண்ணில் படாது, கர்வ் அழகாகவே வரும். அந்த கர்வை நம்பாதீர்கள். லிமிட் போட்டு, 230 கேவி லைனில் ஃபால்ட்டை 160 மில்லி வினாடி வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

கடைசியாக, பெர் யூனிட் கணக்கின் அடிப்படை அளவை (பேஸ்) 100 எம்விஏ-க்கு மாற்றியிருந்தால், மெஷினின் 247 எம்விஏ பேஸில் உள்ள இனர்ஷியா மாறிலியை (சுழலும் பாகத்தில் உள்ள ஆற்றலைக் குறிக்கும் எண்) 2.47-ஆல் பெருக்க வேண்டும், ரியாக்டன்ஸை வகுக்க வேண்டும். பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, கட்டுப்பாட்டில் குறை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.