எலும்புக் குழிக்கு இடுப்பெலும்பு எடுத்து வைப்பதா, செயற்கை எலும்பு வைப்பதா?

அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, மூட்டுக்கு அடியில் குழி விழுந்திருக்கிறது, எதை வைத்து நிரப்புவது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வைத்தியர் இல்லை, நிலாவெளியில் படகு ஓட்டுகிறவன். ஆனால் 2018இல் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே மாடு வந்து எனக்கும் அதே இடத்தில்தான் உடைந்தது. மூட்டின் மேல்தட்டு அமிழ்ந்துவிட்டது. அதை நிமிர்த்தினால் கீழே வெறும் குழி. நிரப்பாமல் விட்டால் தட்டு மறுபடி இறங்கும்.

எனக்கு வைத்தது செயற்கை எலும்பு, கல்சியம் பொஸ்பேற் குருணி. எலும்பிலுள்ள தாதுவும் அந்த இனம்தான். எனக்கு அதை விளங்க வைத்தது முருகைக்கல். எங்கள் நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவின் கரையில் கிடப்பதை உற்றுப் பாருங்கள், முழுக்கத் துளை. செயற்கை எலும்பிலும் துளைகள்தான் உயிர்நாடி. அவற்றுக்குள்தான் இரத்தக் குழாய்களும் எலும்புக் கலங்களும் புகுந்து வளர்கின்றன. 1970களில் முருகைக்கல்லையே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் எலும்புத் தாதுவாக மாற்றி, பிறகு சத்திரசிகிச்சையிலும் பாவித்தார்கள். (புறாமலை தேசியப் பூங்கா. ஒரு துண்டுகூட எடுத்துப் போகாதீர்கள்.)

ஆக, வைப்பது பாகல் பந்தல் மாதிரி. ஏறவேண்டிய கொடி அப்பாவின் சொந்த எலும்பு. பந்தல் எவ்வளவு காலம் நிற்கும் என்பது பொருளைப் பொறுத்தது. பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் 1892இலேயே எலும்புக் குழிக்கு வைத்துப் பார்த்த பொருள். சில கிழமைகளில் கரையத் தொடங்கும், சிலவேளை எலும்பு வளர்வதற்கு முன்பே. ட்ரைகல்சியம் பொஸ்பேற் பெரும்பாலும் அரை வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும். கல்சியம் பொஸ்பேற்றின் இன்னொரு வகையான ஹைட்ரொக்சி அபற்றைற் பல வருடம் அப்படியே கிடக்கும்.

இடுப்பெலும்பு எடுத்தால் பந்தலோடு கொடியும் வருகிறது: உயிருள்ள கலங்கள், வளர்ச்சிப் புரதங்கள். பல மாதமாக எலும்பு ஒட்டாமல் நிற்கும் இடத்தில் அதைத்தான் முதலில் நினைப்பார்கள். ஆனால் இன்னொரு இடத்தையும் வெட்ட வேண்டும். பக்கத்துக் கட்டில் அண்ணாவுக்கு அப்படித்தான் எடுத்தார்கள். “காலை விட இடுப்புத்தான் நோகுது தம்பி” என்று கிளினிக்கில் காணும்போதெல்லாம் சொல்வார்.

அப்பாவின் முறிவு தோல் கிழியாதது, கிருமித் தொற்று இல்லை, எலும்பைப் பிடிக்கிற உலோக பிளேட் தாங்கி நிற்கிறது என்றால் நான் செயற்கை எலும்பின் பக்கம். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதே முறிவுக்குக் கல்சியம் பொஸ்பேற் சீமெந்து (களியாக வைத்து இறுகும் வகை) வைத்தவர்களுக்கு, இடுப்பெலும்பு வைத்தவர்களை விட மூட்டுத் தட்டு குறைவாகவே இறங்கியது. தொற்று இருந்தால் கதை வேறு, வைத்தியர் சொல்கிறபடி செய்யுங்கள்.

என்ன பொருள் வைக்கிறார்கள், எப்போது கரையும், எப்போது கால் ஊன்றலாம் என்று கட்டாயம் கேளுங்கள். சீனி வருத்தம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்பா சுருட்டோ சிகரெட்டோ பிடிப்பவர் என்றால் இன்றைக்கே நிறுத்த வையுங்கள், புகை எலும்பு ஒட்டுவதைப் பிந்தவைக்கும்.

எனக்கு மூன்றாம் மாதம்தான் கால் ஊன்ற விட்டார்கள். படகில் ஏற ஏழு மாதம் ஆனது.