கையைக் கழுவிக் காட்டியவர்

அன்புள்ள ஐயா,

நான் இயற்பியல் ஆசிரியை. அறிவியலைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் ஒரு நம்பிக்கை தெரிகிறது. எனக்கு அது குறைந்துகொண்டே வருகிறது. முன்பெல்லாம் விஞ்ஞானி உண்மையைத் தேடினார், அதிலிருந்து தொழில்நுட்பம் பிறந்தது, சமூகம் பயன்பெற்றது. இன்று எல்லாம் தலைகீழ். நிறுவனம் பொருளைச் செய்கிறது, அதற்கு வேண்டிய அறிவியலை விலைக்கு வாங்குகிறது, நாம் வெறுமனே உபயோகிக்கிறோம். 'அடிப்படை அறிவியலைப் படித்து என்ன ஆகப்போகிறது மிஸ்?' என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் சொல்லும் அந்த 'முன்பெல்லாம்' எப்போது இருந்தது என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கத் தாமஸ் நியூகோமன் நீராவி எஞ்சினை நிறுவியது 1712இல். அவர் விஞ்ஞானி இல்லை, இரும்புச் சாமான் வியாபாரி. வெப்பம் எப்படி வேலையாக மாறுகிறது என்று சாடி கார்னோ புத்தகம் எழுதியது 1824இல். நடுவில் 112 வருஷம் எஞ்சின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் கரும்பலகையில் வரையும் கார்னோ சுழற்சி, ஏற்கெனவே ஓடிய இயந்திரத்தைப் பார்த்து ஒருவர் யோசித்தது. ஆகவே தொழில் முன்னே போய், அறிவியல் பின்னே வருவது புதிதல்ல.

பணம் அறிவியலை வாங்குவதும் புதிதல்ல. அதற்குக் கொஞ்சம் நீளமாக ஒரு கதை சொல்ல வேண்டும்.

1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர், பெட்ரோலில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைத் துளி கலந்தால் எஞ்சினின் 'நாக்கிங்' (பெட்ரோல் தாறுமாறாக எரிவதால் வரும் தட்டும் சத்தம்) நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தார். ஈயம் விஷம் என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். 1924இல் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஓர் ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்தார்கள், ஐந்து பேர் செத்தார்கள். உடனே மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவிக் காட்டினார். புட்டியை மூக்கருகே பிடித்து ஒரு நிமிஷம் முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய வருஷம்தான் அவரே ஈய நஞ்சேறி, வேலையிலிருந்து ஓய்வெடுத்துவிட்டு வந்திருந்தார். அதை அன்று சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கதையில் மிட்ஜ்லியைவிட முக்கியமானவர் ராபர்ட் கீஹோ என்ற மருத்துவர். 'கெடுதல் என்று நிரூபித்துக் காட்டுங்கள், நிறுத்திக்கொள்கிறோம்' என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிரூபிப்பதற்கு வேண்டிய ஆய்வுக்கூடம், அளவுகள், பணம் எல்லாம் ஈயம் விற்றவர்களிடம் இருந்தன. கீஹோவுக்குச் சம்பளம் கொடுத்ததும் அவர்களே. நாற்பது ஆண்டுகள் போல இப்படியே ஓடியது.

இதை உடைத்தவருக்குப் பெட்ரோலோடு சம்பந்தமே இல்லை. கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்கப் புவிவேதியியலாளர் தேடிக்கொண்டிருந்தது பூமியின் வயதை. யுரேனியம் சிதைந்து ஈயமாவதால், பாறையிலும் விண்கல்லிலும் உள்ள ஈயத்தைத் துல்லியமாக அளந்தால் வயது கிடைத்துவிடும். ஆனால் அளக்க அளக்க, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு ஈயம் வந்துகொண்டே இருந்தது. அது கல்லில் இருந்த ஈயம் இல்லை. தலைமுடி, சட்டை, சுவர்ப் பூச்சு, குழாய்த் தண்ணீர், மூச்சு விடும் காற்று என்று எங்கிருந்தெல்லாமோ வந்தது. மனுஷன் விடவில்லை. தரையைத் தேய்த்தார், பாத்திரங்களை அமிலத்தில் கழுவினார், காற்றை வடிகட்டினார். அப்படித்தான் 1956இல் 455 கோடி ஆண்டு என்ற விடையை வெளியிட்டார்.

சரி, வயது தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. கடலில் ஆழத்து நீரைவிட மேல்மட்ட நீரில் ஈயம் அதிகம் என்று கண்டார். கிரீன்லாந்துப் பனியை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தார், சமீபத்திய அடுக்குகளில் ஈயம் ஏறியிருந்தது. இப்படிப்பட்டவற்றை அவர் எழுதத் தொடங்கியதும் பெட்ரோலியத் துறை கொடுத்துவந்த ஆய்வு நிதி நின்றது. 1971இல் காற்றில் கலந்த ஈயத்தைப் பற்றி ஆராய அமெரிக்காவில் அமைத்த நிபுணர் குழுவில் அவர் பெயரே இல்லை. அந்த விஷயத்தில் அவரைவிட விவரம் தெரிந்தவர் அப்போது யார் இருந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை! எழுபதுகளில் அங்கே பெட்ரோலில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கினார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்நாட்டு மக்களின் ரத்தத்தில் ஈயம் முக்கால் பங்குக்கு மேல் இறங்கியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது 2021இல்.

உங்கள் கவலையை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் பணம் உள்ளே வந்ததற்காக அவ்வளவாகப் பயப்பட மாட்டேன். அளந்து சரிபார்க்கும் கருவி, பொருளை விற்பவரின் கைக்கு வெளியே ஓரிடத்திலாவது இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். பேட்டர்சனிடம் அது இருந்தது, அதுவும் வேறு எதற்காகவோ செய்து வைத்தது. இப்போது மாறிவருவது இந்த இடம்தான் என்று தோன்றுகிறது. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்தின் மென்பொருளின் இரண்டாம் பதிப்பு 2021இல் நிரலோடு வந்தது, யாரும் ஓட்டிப் பார்க்க முடிந்தது. மூன்றாம் பதிப்பு 2024 மே மாதம் நேச்சர் இதழில் வந்தபோது நிரல் இல்லை. 'சரிபார்க்க முடியாததை எப்படி ஏற்பது?' என்று விஞ்ஞானிகள் சண்டை போட்டார்கள். நவம்பரில்தான் வெளியிட்டார்கள், அதுவும் வணிகமல்லாத ஆய்வுக்கு மட்டும். உலகில் சில நிறுவனங்களிடம் மட்டுமே இருக்கும் கணினிகள் தேவைப்படும் ஆய்வுகளில், நிரலைக் கொடுத்தாலும் வெளியாள் என்ன செய்ய முடியும்? எனக்கும் விடை இல்லை.

அப்புறம், பிள்ளைகள் கேட்ட கேள்வி. பேட்டர்சனின் 1956 கட்டுரை சில பக்கங்கள்தான். ஐந்து விண்கற்களின் ஈய ஐசோடோப்பு (எடையில் மட்டும் வேறுபடும் ஈய வகைகள்) விகிதங்கள், அவை ஒரே நேர்கோட்டில் விழுகின்றன, கோட்டின் சாய்விலிருந்து வயது. அந்தப் புள்ளிகளைக் கொடுத்து கோட்டைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும், ஆய்வுக்கூடத்தில் தலைமுடியிலிருந்து வந்த ஈயத்தையும் சேர்த்து அளந்திருந்தால் அந்தப் புள்ளிகள் எங்கே போயிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.